ஒரு கப்பல், மூன்று கொடி: மாதிரி செய்ய எதைத் தேர்ந்தெடுப்பது?

கண்ணாடிப் பெட்டிதான் முதலில் வந்தது. தச்சரிடம் வேறு வேலையாகப் போனபோது மிச்சமிருந்த கண்ணாடியில் ஒன்று செய்து தரச் சொன்னேன். உள்ளளவு 50 சென்டிமீட்டர் நீளம், 14 அகலம், 20 உயரம். உள்ளே வைக்கக் கப்பல் இல்லை. பெண் பார்ப்பதற்கு முன்னால் பந்தக்கால் நட்ட கதை என்று வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பாதிச் சிக்கலை அந்தப் பெட்டிதான் தீர்த்து வைத்தது.

நான் செய்ய நினைத்தது இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஒரு நாசகாரிக் கப்பல், அதுவும் பல கடற்படைகளின் கையில் இருந்த ஒன்று. அட்டையும் பால்சா மரமும்தான் பொருள். கிட் வாங்கி ஒட்டுவதில் எனக்கு ருசி இல்லை. அளவு 1:200. அதாவது 50 சென்டிமீட்டர் பெட்டிக்குள் 100 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல் நுழையாது.

முதல் சுற்றில் ஐந்து கப்பல்கள் இருந்தன. ராஜபுத்: பிரிட்டனின் ரோதர்ஹாம், 1949-ல் இந்தியாவுக்கு வந்து, 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி முழுகிய இரவில் பெயர் வாங்கிய கப்பல். 109 மீட்டர், பெட்டிக்குள் போகாது. அதோடு அது பார்த்தது இரண்டு கடற்படைகளைத்தான். அடுத்தது ட்யெர்க் ஹிட்டஸ். பிரிட்டன் நான்பரேல் என்ற பெயரில் கட்டி 1942-ல் டச்சுக்காரர்களுக்குக் கொடுத்தது. அந்த டிசம்பரில் தீமோர் கரையில் ஜப்பானியர் சூழ்ந்திருந்த ஆஸ்திரேலிய, டச்சுப் படையினரையும் போர்த்துகீசியக் குடும்பங்களையும் இரவோடு இரவாக ஏற்றி வந்தது. 1951-ல் இந்தோனேசியா அதை வாங்கி மஜாபாகித் அரசின் மந்திரி பெயரால் கஜா மடா என்று அழைத்தது. நேற்றுவரை ஆண்டவனின் கப்பல், இன்று ஆளப்பட்டவன் கையில். இந்தக் கதைக்காகவே செய்ய ஆசைதான். நீளம் 108.7 மீட்டர், மாதிரியில் 54 சென்டிமீட்டர். கண்ணாடியை உடைத்தால்தான் உண்டு.

கிரேக்கத்தின் வசிலெஃப்ஸ் யோர்யோஸ் அநியாயத்துக்கு ஆசை காட்டிய கப்பல். கட்டியது பிரிட்டிஷ் தளம், பீரங்கிகள் ஜெர்மனியுடையவை, கொடி கிரேக்கம். 1941 ஏப்ரலில் சலாமிஸ் துறையில் குண்டு வாங்கி ஜெர்மானியர் கையில் சிக்கியது. செப்பனிட்டு ஹெர்மெஸ் என்று பெயர் வைத்து ஓட்டினார்கள். 1943 ஏப்ரலில் காப்ரி தீவருகே பிரிட்டனின் ஸ்ப்ளெண்டிட் நீர்மூழ்கியை அது மூழ்கடித்தது. பிரிட்டனில் பிறந்த கப்பல் பிரிட்டனின் கப்பலையே கொன்றது. ஆனால் இரண்டே கொடி. என் அலமாரியில் ஸ்வஸ்திகாவை வைக்க மனமும் வரவில்லை. கார்லண்ட் பிரிட்டன், போலந்து, ஹாலந்து என்று மூன்று நாட்டுக் கொடி கண்டது. பெட்டிக்குள்ளும் 49 சென்டிமீட்டரில் மூச்சுப் பிடித்து நுழைந்துவிடும். அணியத்துக்கும், அதாவது கப்பலின் முன்முனைக்கும், கண்ணாடிக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி அகலம்கூட இருக்காது.

ஆக, மிஞ்சியது பீடேல். 85.3 மீட்டர். மாதிரியில் 42.7 சென்டிமீட்டர். முன்னும் பின்னும் இரண்டு விரற்கடை இடம் விட்டு அழகாக உட்காரும். கப்பல் முடிவாகிவிட்டது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். சிக்கல் மறுநாள்தான் தொடங்கியது, ஏனென்றால் இந்தக் கப்பலுக்கு மூன்று பெயர்: பிரிட்டனுக்கு பீடேல், போலந்துக்கு ஷ்லோன்சாக், இந்தியாவுக்கு கோதாவரி. மாதிரி என்பது நாவல் இல்லை. ஒரு கப்பலின் ஒரே ஒரு நாளைத்தான் அதில் காட்ட முடியும். எந்தப் பெயரில், எந்த நாளில் செய்வது?

எந்தக் கொடி ஏறினாலும் மாறாத உடம்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நியூகாசலுக்குக் கீழே டைன் நதிக்கரையில் ஹெப்பர்ன் என்ற ஊர். அங்கே ஹாதார்ன் லெஸ்லி தளத்தில் 1940-ல் ஏராக்கட்டை (கப்பலின் முதுகெலும்பு) போட்டு 1941-ல் நீரில் இறக்கினார்கள். ஹண்ட் வகை. பிரிட்டிஷ் கனவான்கள் குதிரையேறி நரி வேட்டைக்குப் போகும் குழுக்களின் பெயர்களை அந்த வகைக் கப்பல்களுக்கு வைத்தார்கள். பீடேல் யார்க்‌ஷயர் பக்கத்து வேட்டைக் குழு. 1,050 டன், 19,000 குதிரைசக்தி நீராவிச் சுழலி, ஏறத்தாழ 27 நாட் வேகம். 4 அங்குல இரட்டைப் பீரங்கிகள் மூன்று: முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. புகைபோக்கிக்குப் பின்னால் பாம்-பாம் என்ற நான்கு குழல் விமான எதிர்ப்புப் பீரங்கி. டார்பிடோ கிடையாது. டார்பிடோ இல்லாததை நாசகாரி என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டிஷ்காரர்கள் துணை வார்த்தை ஒன்றைச் சேர்த்து, காவல் நாசகாரி என்று சொல்லி அந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டார்கள். இதே வகையில் மூன்றாம் பிரிவு வந்தபோது ஒரு பீரங்கியை எடுத்துவிட்டு இரண்டு டார்பிடோக் குழாய்களை வைத்தார்கள்.

பிரிவு என்றதும் எனக்கு வயிறு எரியும். முதல் பிரிவைக் கட்டும்போது வடிவமைப்பாளர்கள் எடைக் கணக்கில் தப்பு செய்துவிட்டார்கள். 1940-ல் முதல் கப்பலான ஆதர்ஸ்டோனைச் சாய்த்துச் சோதித்தபோதுதான் தெரிந்தது, மேலே பாரம் அதிகம். கப்பலுக்கே தலைக்கனம்! ஒரு இரட்டைப் பீரங்கியைக் கழற்றிவிட்டுத்தான் கடலுக்கு அனுப்ப முடிந்தது. கட்டுமானம் பின்தங்கியிருந்த கப்பல்களை மட்டும் 29 அடியிலிருந்து 31.5 அடியாக அகலப்படுத்தி மூன்றாவது பீரங்கியைத் திருப்பி வைத்தார்கள். அதுதான் இரண்டாம் பிரிவு. நம் கப்பல் அந்த வகை. இரண்டரை அடி என்பது என் அளவில் 3.8 மில்லிமீட்டர்.

நான்கு மில்லிமீட்டர் என்ன பெரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் ஹண்ட் வகை என்று மட்டும் போட்டிருந்த வரைபடம் வாங்கினேன். எந்தப் பிரிவு என்று அதில் இல்லை, கேட்டால் எல்லாம் ஒன்றுதான் சார் என்றார்கள். வங்குகளை, அதாவது கப்பலின் விலா எலும்புகளை, அட்டையில் அறுத்து, ஏராவில் கோத்து, இரண்டு வாரம் கழித்து நடுவில் வெர்னியர் வைத்துப் பார்த்தால் 4.4 சென்டிமீட்டர். இருக்க வேண்டியது 4.8. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் இரண்டு பின்பீரங்கிகளையும் தளத்தில் வைத்துப் பார்த்தபோது, ஓரத்தில் மாலுமி நடக்க வழியே இல்லை. நிஜக் கப்பலில் வடிவமைப்பாளர்கள் பட்ட அதே பாட்டை அட்டையில் நான் பட்டேன். அந்த வங்குகள் இப்போது பேனா ஸ்டாண்டாக இருக்கின்றன.

இப்போது பெயர்களுக்கு வருவோம்.

பீடேல் என்று செய்வதுதான் முறை என்று முதலில் தோன்றியது. கட்டியவன் வைத்த பெயர், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் அல்லவா? தோண்டிப் பார்த்தால் அந்தப் பெயருக்குள் எதுவுமே இல்லை. 1942 வசந்தத்தில் கட்டி முடித்த கையோடு கப்பலைப் போலந்து மாலுமிகளிடம் கொடுத்துவிட்டார்கள். 1946-ல் திரும்பி வந்தபோது பீடேல் என்ற பெயர் மறுபடி ஒட்டிக்கொண்டது. அப்போது போர் முடிந்துவிட்டது, கப்பல் இருப்பில் கட்டிப்போடப்பட்டது. போதாக்குறைக்குப் பிரிட்டன் அந்த வகை முழுவதையும் நாசகாரிக்கு ஒரு படி கீழான ஃபிரிகேட் என்று வகை மாற்றியது. பிரிட்டிஷ் கடற்படையின் வெள்ளைக் கொடியின் கீழ் இந்தக் கப்பல் செய்தது பெரும்பாலும் கயிற்றில் ஆடியதுதான். பீடேலாகச் செய்தால் பீரங்கிகளைத் தார்ப்பாயால் மூடிய, ஆளில்லாத கப்பலைச் செய்யலாம். அதிலும் ஒரு சோக அழகு உண்டு, கைதேர்ந்தவர்கள் செய்தால் நன்றாக இருக்கும். எனக்கு வேண்டாம். முதலில் விழுந்தது முதல் பெயர்தான்.

மிச்சம் ஷ்லோன்சாக்கும் கோதாவரியும்.

போலந்துக்கு ஏன் கப்பல் கொடுத்தார்கள் என்பது தெரிந்தால்தான் ஷ்லோன்சாக் விளங்கும். 1939 ஆகஸ்ட் 30-ல், போர் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, போலந்து தன்னிடம் இருந்த நான்கு நாசகாரிகளில் மூன்றைப் பால்டிக்கிலிருந்து பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டது. ஜெர்மன் கடற்படையின் வாயிலே கிடந்து சாவதைவிட வெளியே போய்ச் சண்டை போடலாம் என்ற கணக்கு. நாடு விழுந்தது, கடற்படை விழவில்லை. பிரிட்டனிடம் தளத்திலிருந்து கப்பல்கள் இறங்கிக்கொண்டிருந்தன, ஆள் போதவில்லை. போலந்துக்காரர்களிடம் பயிற்சி பெற்ற ஆள் இருந்தார்கள், கப்பல் இல்லை. கொடுக்கல் வாங்கல் அப்படித்தான் நடந்தது. உரிமை பிரிட்டனுக்கு, கொடி போலந்துக்கு. தளத்தில் உத்தரவு போலிஷில். மற்றக் கப்பல்களோடு பேச பிரிட்டிஷ் தொடர்பு அதிகாரியும் சைகையாளர்களும் உடன் இருந்தார்கள். மூன்று ஹண்ட் கப்பல்கள் இப்படிப் போயின. கிராகோவியாக், குயாவியாக், ஷ்லோன்சாக் என்று ஊர்ப்பக்கத்து ஆட்களின் பெயர்களை வைத்தார்கள். ஷ்லோன்சாக் என்றால் சிலேசியாக்காரன். குயாவியாக் 1942 ஜூனில் மால்ட்டாவுக்கு வெளியே கடல் கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. ஆறு குண்டுக் குழலும் ஓயாமல் சுட்டு, கிராகோவியாக்கைப் போலவே போர் முடியும்வரை தாக்குப்பிடித்தவன் இந்தச் சிலேசியாக்காரன்.

அவனுக்கு இரண்டு பெரிய நாட்கள் உண்டு. 1943-ல் சிசிலி, சலேர்னோ தரையிறக்கங்களிலும் இருந்தான், ஆனால் மாதிரி செய்பவனை இழுப்பவை இந்த இரண்டும்தான்.

ஒன்று 1942 ஆகஸ்ட் 19, டீயெப். கனடாப் படையினர் 5,000 பேர் அளவில் பிரெஞ்சுக் கரையில் இறங்கிச் சோதித்துப் பார்த்த நாள். 900-க்கும் மேற்பட்ட கனடியர்கள் செத்தார்கள். ஷ்லோன்சாக்கின் கதை விடியுமுன்பே தொடங்குகிறது. கிழக்குப் பக்கம் கமாண்டோக்களை ஏற்றிச் சென்ற சிறு படகுகள் இருட்டில் ஒரு ஜெர்மன் வணிகக் கப்பல் வரிசையின் காவலோடு மோதிக்கொண்டன. சில மைல் தூரத்தில் காவலுக்கு இருந்தவை ஷ்லோன்சாக்கும் பிராக்கில்ஸ்பியும். வெடிச் சத்தம் கேட்டது, வெளிச்சம் தெரிந்தது. ஷ்லோன்சாக்கின் தலைவர் ரொமுவால்ட் நவென்ச்-திமின்ஸ்கி அது கரையிலிருந்து சுடுவது என்று எண்ணித் தன் ரோந்துப் பாதையிலேயே போனார். படகுகள் சிதறின, பெரும்பாலானவை கரை சேரவே இல்லை. பிறகு இதைப் பிரிட்டிஷ்காரர்கள் குறை சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எண்பது வருடம் கழித்துத் தீர்ப்புச் சொல்வது சுலபம். இருட்டில் நெருப்பைப் பார்த்து அது எத்தனை மைல், கரையா கடலா என்று சொல்ல ராடார் இருந்தாலும் திணற வேண்டிய காலம் அது. கொடுத்த இடத்தை விட்டு நகர்ந்தால் அதற்கும் குற்றம் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும், போய்ப் பார்த்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விடிந்த பிறகு அதே கப்பல் விமானங்களைச் சுட்டுக்கொண்டே கரைக்கு நெருங்கிப் போய், தண்ணீரில் தத்தளித்த சிப்பாய்களை வாரி எடுத்தது. அதே வகையைச் சேர்ந்த பார்க்லி குண்டு விழுந்து கைவிடப்பட்டு, தன் பக்கத்து டார்பிடோவாலேயே அன்று மூழ்கடிக்கப்பட்டது. அன்று மாலை ஷ்லோன்சாக்கின் தளம் எப்படி இருந்திருக்கும்? ஈர உடை, போர்வை, கட்டு, படுத்துக் கிடக்கும் ஆட்கள். 1:200 அளவில் ஓர் ஆள் 8.5 மில்லிமீட்டர், வேகாத பாசுமதி அரிசி ஒன்றின் நீளம். உட்கார்ந்தவன் பொன்னி அரிசி. நாற்பது ஐம்பது ஆள் செய்ய வேண்டும்.

இரண்டாவது நாள் 1944 ஜூன் 6. நார்மண்டி, ஸோர்ட் கடற்கரைக்கு எதிரே. அதே தலைவர், அதே கப்பல். கரையில் லியோன்-சூர்-மேர் பக்கம் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் கமாண்டோ பிரிவுக்கு ஆதரவாக ஷ்லோன்சாக் கரையைச் சுட்டுக்கொடுத்தது. டீயெப்பில் கமாண்டோக்களிடம் பட்ட கடனை இங்கே அடைத்தான் என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. அப்படி யாரும் கணக்கு வைத்துச் சுட்டிருக்க மாட்டார்கள்.

மாதிரி வேலை என்று பார்த்தால் இந்த இரண்டு நாட்களும் ஒன்றல்ல. போர்க்காலக் கப்பல் துறைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது சேரும், ஏதாவது கழலும்: ஆன்டெனா, சின்ன பீரங்கி, பெட்டி, மிதவை. 1944-ல் எது எங்கே இருந்தது என்பதற்கு ஒவ்வொரு புகைப்படமாகப் பார்த்து வாதாட வேண்டும். 1942 ஆகஸ்டில் கப்பல் சில மாதக் குழந்தை. தளத்து வரைபடத்தில் உள்ளதற்கு மிக அருகில் இருந்த காலம். வரைபடத்தை நம்பி வேலை செய்யும் என்னைப் போன்றவனுக்கு 1942 பத்திரம்.

வண்ணம்தான் தலைவலி. அந்த ஆண்டுகளில் இந்த வகைக் கப்பல்கள் பெரும்பாலும் திட்டுத் திட்டான மறைப்பு வண்ணம் பூசியவை. சாம்பல், நீலம், பச்சை கலந்த சாம்பல் என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையான அட்மிரால்டி எண் போட்டு ஒவ்வொரு நிறத்துக்கும் கலவை வைத்திருந்தது. நம்மிடம் இருப்பவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்தக் காலத்துச் சில ஃபிலிம்களில் நீலம் வெளுப்பாகவும் சிவப்பு கறுப்பாகவும் விழும். போலந்துக் கொடியின் கீழ்ப்பாதி கறுப்பாகத் தெரியும் படங்களைப் பார்த்திருக்கிறேன்; விஷயம் தெரியாதவர் அதை வேறு நாட்டுக் கொடி என்று நினைக்கலாம். கொடியிலேயே இந்தக் கதி என்றால், ஓரத்தில் இருக்கும் திட்டு நீலமா சாம்பலா என்று எப்படிச் சொல்வது? நான்கு புட்டி வண்ணம் கலக்க வேண்டும், கலந்த பிறகும் யாராவது ஒருவர் தப்பு என்பார்.

கோதாவரிக்கு இந்தக் கவலையே இல்லை. ஒரே சாம்பல். பிரைமர் அடித்து, உப்புத்தாள் போட்டு, இரண்டு கை பூசினால் முடிந்தது. அணியத்தின் பக்கவாட்டில் டி92 என்று எழுதினால் போதும். பீடேலும் ஷ்லோன்சாக்கும் எல்26 என்ற ஒரே எண்ணோடு ஓடியவை. பிரிட்டன் ஃபிரிகேட் ஆக்கி இறக்கி வைத்ததை நாம் டி என்ற எழுத்தோடு மறுபடி நாசகாரியாக ஏற்றிக்கொண்டோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் குறும்பான சந்தோஷம்.

1953-ல் பிரிட்டன் இந்த வகையில் மூன்று கப்பல்களை மூன்று வருடக் கடனாகக் கொடுத்தது. கங்கை, கோமதி, கோதாவரி என்று ஆறுகளின் பெயர் வைத்தோம். நரி வேட்டைக் குழு சிலேசியாக்காரனாகி, சிலேசியாக்காரன் ஆறாகிவிட்டான். கடனுக்கு வந்ததைப் பிறகு வாங்கியே விட்டார்கள். பிற்காலத்தில் இவை மாலுமிகளைப் பழக்கும் கப்பல்களாக இருந்தன. நாட்கணக்கு பார்த்தால் போலந்துக்கு நான்கு வருடம், நமக்கு இருபதுக்கு மேல். இந்தக் கப்பலின் பெரும்பாதி வாழ்க்கை இந்தியப் பெருங்கடலில்தான் கழிந்தது. 1976-ல் மாலத்தீவில் தரைதட்டியது. 1979-ல் உடைப்புக்குப் போனது.

மாலத்தீவு என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெயர் சும்மா கிடக்கவில்லை. மும்பை மசகான் தளத்தில் கட்டிய புதிய கோதாவரி 1983-ல் சேர்ந்தது. 1988 நவம்பரில் மாலத்தீவு ஆட்சியைப் பிடிக்க வந்த, இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட் அமைப்பின் ஆட்கள் தோற்று, பிணைக்கைதிகளோடு ப்ரோக்ரஸ் லைட் என்ற சரக்குக் கப்பலில் தப்பியபோது அதைத் துரத்தி மடக்கிய இந்தியக் கப்பல்களில் கோதாவரியும் ஒன்று. பழைய கோதாவரி தரைதட்டிய தேசத்தின் கடலில் புதிய கோதாவரி பேர் வாங்கியது. இதை என் அக்கா மகனிடம் சொன்னபோது, அவன் ஒன்பதாம் வகுப்பு, கண் விரிந்துவிட்டது. "அப்போ கோதாவரிதான் மாமா செய்யணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான்.

அவனே கொடியும் அச்சடித்துக் கொண்டு வந்தான். மூன்று கொடி, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் உயரம். பிரிட்டிஷ் கொடி சரி. போலந்துக் கொடி, வெள்ளையும் சிவப்பும், வெள்ளையில் கழுகு, ஓரம் தூக்கணாங்குருவி வால்போல வெட்டு, அதுவும் சரி. இந்தியக் கொடியைப் பார்த்தால் நீல எண்கோணமும் நங்கூரமும்! 2022-ல் வந்த கொடி. 1953 கப்பலில் அதை ஏற்றினால் காமராஜர் கையில் செல்போன் கொடுத்த மாதிரி. "டேய், அப்போ சிலுவைக் கொடி. 1950-லேர்ந்து 2001 வரைக்கும் வெள்ளையில சிவப்புச் சிலுவை, மூலையில நம்ம மூவர்ணம்" என்றேன். திருத்தி அச்சடித்து, பிரிட்டிஷ் கொடிக்குப் பக்கத்தில் வைத்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, மூலை மட்டும்தான் வேற" என்றான். ஆமாம். சுதந்திரம் அந்த மூலையில் ஐந்து மில்லிமீட்டரில் இருக்கிறது. பீடேலையும் கோதாவரியையும் பெட்டிக்கு வெளியே இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வேறுபாடு சொல்ல எண் மட்டும்தான் உதவும்.

ஒரு பக்கம் போலந்து, மறுபக்கம் இந்தியா என்று இரண்டாகப் பூசிவிடலாமே என்றும் அவன் கேட்டான். பெட்டியைத் திருப்பி வைத்தால் வேறு கப்பல்! புத்திசாலித்தனமான யோசனை, ஆனால் முடியாது. கொடிமரம் ஒன்றுதான். மேல்தளத்துச் சாமான்கள் இரு பக்கமும் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும். பாதி முகத்துக்கு மட்டும் மீசை வைத்த நாடகக்காரன் போல ஆகிவிடும்.

கோதாவரிக்கு எதிரான ஒரே வாதம் என் அறியாமைதான். ஷ்லோன்சாக்குக்குத் தளத்தின் பல பக்கங்களிலிருந்து எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. போலந்தில் அட்டைக் கப்பல் செய்வது பெரிய வழக்கம். அங்குள்ளவர்கள் தங்கள் போர்க்காலக் கப்பல்களின் ஒவ்வொரு ஏணியையும் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். கோதாவரிக்கு என் கையில் இருப்பவை தூரத்திலிருந்து பக்கவாட்டில் எடுத்த சில படங்கள். பின்தளத்தில் நீரடிக் குண்டுகளின் வரிசை எப்படி இருந்தது, 1953-ல் எந்த ராடார், பயிற்சிக்கு வந்த பிறகு எதைக் கழற்றினார்கள் என்று எதுவும் அந்தப் படங்களில் தெளிவாக இல்லை. சாம்பல் நிறம் பிழைகளை மறைக்கும் என்பது உண்மை. கண்ணுக்குத் தெரியாத இடத்தை ஊகத்தால் நிரப்பி, நம்ம கப்பல் என்ற உரிமையில் சரி என்று சொல்லிக்கொள்வது எனக்கு ஒட்டவில்லை. உரிமை இருக்கும் இடத்தில்தான் கூடுதலாகப் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஆகவே என் பெட்டிக்குள் போவது ஷ்லோன்சாக், 1942 ஆகஸ்ட் 19 மாலை, எல்26. நார்மண்டி இல்லை, டீயெப். ராணுவ வெற்றியைக் காட்ட வேண்டும் என்றால் ஜூன் 6-தான் சரி. எனக்கு அந்த அரிசி மணி மனிதர்கள் வேண்டும். காலையில் போய்ப் பார்க்காத கப்பல், பகலில் கரையோரம் போய் ஆட்களை வாரி வந்த கப்பல். இரண்டும் ஒரே நாள், ஒரே தலைவர். வண்ணத்தில் யாராவது தப்புச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

உங்களுக்கும் இதேதான் என்று சொல்ல மாட்டேன். முதல் கப்பல் செய்கிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கோதாவரி செய்யுங்கள்: ஒரு வண்ணம், எளிய எண், எதிர்த்துப் பேச ஆளில்லாத கொடி. வீட்டுக்கு வருகிறவர் பெயரைப் படித்தவுடன் கேள்வி கேட்பார், அரைமணி நேரம் கதை சொல்லலாம். குடும்பத்தில் யாராவது அந்தக் கப்பல்களில் பயிற்சி பெற்றிருந்து ஆல்பத்தில் தளத்தில் நின்று எடுத்த படம் இருந்தால், என் வாதம் முழுவதும் கவிழ்ந்துவிடும். அந்த ஒரு படத்துக்காகவே கோதாவரிதான். ஷ்லோன்சாக் செய்வதென்றால் இரண்டாம் பிரிவு வரைபடம்தானா என்று அகலத்தை முதலில் அளந்து பாருங்கள், 31.5 அடி. பீடேலைத் தேர்ந்தெடுப்பவர் தார்ப்பாய் மடிப்பு செய்வதில் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். மெல்லிய டிஷ்யூ தாளை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்துப் போர்த்தினால் நன்றாக வரும்.

ஏராவும் வங்குகளும் இந்த முறை 4.8-ல் அறுத்தாகிவிட்டது. பீரங்கிக் குழல் 4 அங்குலத்தில் 45 மடங்கு, நிஜத்தில் நாலரை மீட்டர், என் அளவில் 2.3 சென்டிமீட்டர், குண்டூசியின் கொண்டையை நறுக்கினால் ஏறக்குறைய அதே நீளம். ஆறு குண்டூசி தயார். கொடிகளில் வெள்ளை சிவப்பை நான் எடுத்துக்கொண்டேன். சிலுவையும் மூவர்ணமும் உள்ளதை அக்கா மகன் தன் பென்சில் பாக்ஸில் பத்திரமாக வைத்திருக்கிறான், அடுத்த கப்பலுக்காம். அடுத்ததற்குப் பெட்டி கிடையாது என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.